எந்தக் கதவைத் தட்டுவது? சிறைப்பட்ட எழுத்தாளர்கள்: வாசகர் கேள்வி – பதில்

அல்ஜீரிய நாவலாசிரியர் பூவாலெம் சான்சால் ஓராண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு 2025 நவம்பர் 12 அன்று விடுதலையானார். அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பிரான்ஸ் அதிபரே கண்டித்தார், ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அப்போதெல்லாம் அசையாத அல்ஜீரியா, ஜெர்மனி கேட்டதும் இரண்டே நாளில் விட்டுவிட்டதே, எப்படி?
– வாசகர், தஞ்சாவூர்

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் புரியும். 2024 நவம்பர் 16 அன்று பாரிஸிலிருந்து வந்து அல்ஜியர்ஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது சான்சால் கைதானார். பிரெஞ்சு மொழியில் எழுதுபவர். தொழில்துறை அமைச்சகத்தில் உயர் அதிகாரியாக இருந்து, அரசை விமர்சித்ததால் 2003-ல் பதவி இழந்தவர். காலனி ஆட்சிக் காலத்தில் மொராக்கோவுக்குச் சொந்தமான நிலத்தைப் பிரான்ஸ் அல்ஜீரியாவோடு சேர்த்துவிட்டது என்று ஒரு பிரெஞ்சு ஊடகத்துக்குக் கொடுத்த பேட்டியில் சொல்லியிருந்தார். பெரும் போர் நடத்தி 1962-ல் விடுதலை பெற்ற நாடு அது. அங்கே எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுவது ஆறாத புண்ணைத் தொடுவது போல. போதாததற்கு, மேற்கு சஹாரா மீது மொராக்கோவுக்கு இருக்கும், அல்ஜீரியா ஏற்காத உரிமைக் கோரிக்கையை ஆதரித்து பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2024 ஜூலையில்தான் கடிதம் எழுதியிருந்தார். அல்ஜீரியா தன் தூதரைப் பாரிஸிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது.

இந்தச் சூழலில் 'அவரை விடு' என்று பாரிஸ் சொன்ன ஒவ்வொரு முறையும், அல்ஜியர்ஸின் காதில் அது பழைய எஜமானின் அதட்டலாகத்தான் விழுந்தது. 2025 ஜனவரி 6 அன்று, அல்ஜீரியா தன்னைத்தானே இழிவுபடுத்திக்கொள்கிறது என்று மக்ரோன் சொன்னார். உள்விவகாரத்தில் தலையீடு என்று பதில் வந்தது. ஏப்ரலில் வேறொரு வழக்கை முன்னிட்டு இரு நாடுகளும் ஆளுக்கு 12 அலுவலர்களை வெளியேற்றின. இதற்கு நடுவில் சட்டத்தின் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 27-ல் 5 ஆண்டுச் சிறை, 5 லட்சம் தினார் அபராதம். ஜூலை 1-ல் மேல்முறையீட்டிலும் அதே தண்டனை. அதற்கு மேல் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. தண்டனை இறுதியானவர்களுக்குத்தான் அதிபரின் மன்னிப்பு பொருந்தும் என்பதால், வழக்கை இழுப்பது அவருக்கே கேடாக முடிந்திருக்கும். ஜூலை 5 சுதந்திர தினப் பொதுமன்னிப்பில் பெயர் வரும் என்று பலர் காத்திருந்தார்கள். வரவில்லை.

நவம்பர் 10 அன்று ஜெர்மன் அதிபர் ஸ்டைன்மையர் வேண்டுகோள் விடுத்தார். அதில் இருந்ததைப் போலவே, இல்லாததும் முக்கியம். தீர்ப்பு தவறு என்ற பேச்சே எடுக்கவில்லை. வயதையும் உடல்நிலையையும் சொல்லி, மனிதாபிமான அடிப்படையில் மன்னியுங்கள், சிகிச்சையை எங்கள் நாட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று கேட்டார். சான்சாலுக்குப் புற்றுநோய். அல்ஜீரிய அதிபர் தெபூனே 2020-ல் கொரோனா வந்து ஜெர்மனியில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். ஆக, கேட்டவர் பழைய காலனி எஜமான் அல்ல, பட்ட நன்றி ஒன்று ஏற்கெனவே இருக்கும் நாட்டின் தலைவர். சான்சாலுக்கு 2011-ல் ஜெர்மன் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசு கிடைத்திருந்ததால், அவரைப் பற்றிக் கேட்கும் உரிமையும் அந்த நாட்டுக்கு இயல்பாகவே இருந்தது. நவம்பர் 12 அன்றே பெர்லின் போய் இறங்கிவிட்டார். அல்ஜீரியா மீது கடுமை காட்டிவந்த பிரான்ஸ் உள்துறை அமைச்சர் அக்டோபரில் பதவி விலகியிருந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

பங்காளிச் சண்டையில் ஒரு பங்காளி வாசலில் நின்று கத்தினால் மற்றவர் தாழ்ப்பாளை இன்னும் இறுக்கித்தான் போடுவார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் போய்ப் பேசினால் இறங்கி வருவார். அதற்காகப் பிரான்ஸின் கூச்சல் வீண் என்று சொல்ல மாட்டோம். அந்தப் பெயர் ஓராண்டு முழுக்கச் செய்தியில் இருந்ததால்தான் பெர்லினில் ஒருவர் பேனாவை எடுத்தார். சிறை வைத்த அரசுக்கு இவரை வைத்திருப்பது பாரம் என்று உணர்த்துவது ஒரு வேலை. தோற்றுப்போனதாகத் தெரியாமல் அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வழி காட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடிவது அபூர்வம்.

533 பேர் ஆதரித்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தீர்மானத்துக்கு என்னதான் அதிகாரம் இருக்கிறது?
– வாசகி, கோவில்பட்டி

சட்டப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்ட்ராஸ்பூர்க் அமர்வின்போது, பெரும்பாலும் வியாழக்கிழமைகளில், மனித உரிமை மீறல்கள் பற்றி அவசர விவாதம் நடக்கும். ஓர் அமர்வில் மூன்று நாட்டு விவகாரங்கள் வரைதான் எடுப்பார்கள். அந்த மூன்றில் ஒன்றாக நுழைவதே பெரும்பாடு. சான்சால் தீர்மானம் 2025 ஜனவரி 23 அன்று 533 ஆதரவு, 24 எதிர்ப்பு, 48 நடுநிலை என்று நிறைவேறியது.

எண்ணிக்கையைவிடத் தீர்மானத்தின் உள்ளே இருக்கும் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். இனி ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் நிதியை, சட்டத்தின் ஆட்சியில் காணும் முன்னேற்றத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். பணமும் வர்த்தகமும் பேசப்படும் மேசைக்கு ஒரு கைதியின் பெயர் போய்ச் சேருவது இப்படித்தான். அந்த வரி இல்லாத தீர்மானம் வெறும் கண்டன அறிக்கை.

ஐக்கிய நாடுகள் சபையில் தனிநபர் புகார் கொடுக்கலாம் என்கிறார்களே, எப்படி? யார் கொடுக்கலாம்?
– வழக்கறிஞர், நாகர்கோவில்

எழுத்தாளர் வழக்குகளுக்கு அதிகம் பயன்படுவது, தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த பணிக்குழு. 1991-ல் தொடங்கப்பட்டது, 5 சுயேச்சை நிபுணர்கள், ஜெனீவாவில் ஆண்டுக்கு மூன்று முறை கூடுவது வழக்கம். இதன் பெரிய வசதி, அந்த நாடு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் புகார் கொடுக்கலாம் என்பது. உள்நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. குடும்பத்தார், வழக்கறிஞர், அமைப்புகள் என யாரும் அனுப்பலாம். ஆனால் குடும்பத்தைக் கேட்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். வெளியில் நல்லெண்ணத்தோடு செய்ததற்கு உள்ளே இருப்பவர் தனிக்கொட்டடியில் விலை கொடுக்க நேரலாம்.

பணிக்குழுவே ஒரு மாதிரி வினாப்படிவம் வைத்திருக்கிறது. அதில் கேட்பவை எளியவை. கைதான தேதி, இடம், கைது செய்தவர் எந்தப் படையைச் சேர்ந்தவர், பிடியாணை காட்டினாரா, எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை நாள் கழித்து நீதிபதி முன் நிறுத்தினார்கள், வழக்கறிஞரை எப்போது பார்க்க விட்டார்கள். இந்த ஏழெட்டுத் தகவல்களில்தான் பெரும்பாலான புகார்கள் சறுக்குகின்றன. அவருடைய இலக்கியப் பெருமையைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, எந்தப் படைப்பிரிவு கைது செய்தது என்ற இடத்தைக் காலியாக விடுகிறார்கள். கைதான முதல் வாரத்திலேயே, நினைவு மங்குவதற்குள், வீட்டாரிடம் கேட்டு மணி வாரியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தடுப்புக்காவலைப் பணிக்குழு ஐந்து வகைகளாகப் பிரித்துப் பார்க்கும். எழுத்தாளருக்கு முக்கியமானவை மூன்று. சட்ட அடிப்படையே இல்லாமல் வைத்திருப்பது முதல் வகை. கருத்துரிமை போன்ற உரிமையைப் பயன்படுத்தியதற்காகவே வைத்திருப்பது இரண்டாம் வகை. நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது மூன்றாம் வகை. ஒரே வழக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் வரலாம். சான்சால் வழக்கில் அவருடைய பிரெஞ்சு வழக்கறிஞருக்கு அல்ஜீரியா விசாவே கொடுக்கவில்லை. இது மூன்றாம் வகையில் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

புகார் அரசுக்கு அனுப்பப்பட்டதும் பதில் சொல்ல 60 நாள். கேட்டால் ஒரு மாதம்வரை கூடுதல் அவகாசம் கிடைக்கும். அரசின் பதில் உங்கள் பார்வைக்கு வரும், நீங்கள் மறுப்பு எழுதலாம். பிறகு பணிக்குழு தன் கருத்துரையை வெளியிடும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் தனியாக அவசர வேண்டுகோள் நடைமுறை உண்டு. அதில் தீர்ப்பு எதுவும் வராது, ஆனால் விரைவாக நகரும். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

'மனித உரிமைக் குழு' என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது வேறு. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதலாம் விருப்ப நெறிமுறையை ஏற்ற நாடுகள் மீது மட்டும்தான் அங்கே தனிநபர் புகார் செல்லும். உள்நாட்டு வழிகளையும் முடித்திருக்க வேண்டும். அல்ஜீரியா அதை 1989-ல் ஏற்றது. இந்தியா ஏற்கவில்லை. இலங்கை 1997-ல் ஏற்றது. ஆனால் அந்த ஏற்பு இலங்கைக்குள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006-ல் சிங்கராசா வழக்கில் சொல்லிவிட்டது. எந்தக் கதவு எந்த நாட்டுக்குத் திறக்கும் என்று பார்க்காமல் மனு எழுதி ஓராண்டை வீணாக்கியவர்கள் பலர்.

சான்சால் பிரெஞ்சுக் குடிமகனும்தானே? பிரான்ஸ் தன் குடிமகனைத் தூதரகம் வழியாகப் பார்த்திருக்கலாமே?
– வாசகர், மதுரை

2024-ல்தான் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. வெளிநாட்டில் கைதாகும் குடிமகனைத் தூதரக அலுவலர் சந்திக்கலாம் என்று 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் கைது செய்த நாட்டுக்கும் அவர் குடிமகன் என்றால், 'இவர் எங்கள் ஆள், உங்களுக்கென்ன?' என்று அந்த நாடு கேட்டுவிடும். 1930-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 4-ஆவது பிரிவே, ஒருவர் எந்த நாட்டின் குடிமகனோ அந்த நாட்டுக்கு எதிராக அவருடைய மற்றொரு நாடு பாதுகாப்புக் கோர முடியாது என்கிறது. இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கும் எழுத்தாளர்கள் பிறந்த நாட்டுக்குப் போகும்போது இரண்டாவது பாஸ்போர்ட்டைக் கவசமாக நினைக்கக் கூடாது. விமானத்திலிருந்து இறங்கும்வரைதான் அது கவசம்.

அவருடைய கருத்துகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. அவருக்காக நான் ஏன் கையெழுத்திட வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

அல்ஜீரியாவிலேயே பலருக்கு உடன்பாடில்லை. எல்லை பற்றியும் இஸ்லாமியவாதம் பற்றியும் இஸ்ரேல் பற்றியும் அவர் சொன்னவை அங்கே ஏராளமானவர்களைப் புண்படுத்தியிருக்கின்றன. பிரான்ஸின் வலதுசாரிகள் அவருடைய பெயரைத் தங்கள் குடியேற்ற எதிர்ப்பு அரசியலோடு சேர்த்துப் பேசினார்கள். அவருக்காகப் பேச நினைத்த நடுநிலையாளர்களுக்கு அது பெரிய தர்மசங்கடம்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. குற்றப்பத்திரிகையில் இருக்கும் அந்தச் சொற்கள் யாரையாவது அடிக்கச் சொல்கின்றனவா, வெறுப்பைத் தூண்டுகின்றனவா? குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு அதைத் தடை செய்யச் சொல்கிறது, அதில் சமரசம் இல்லை. ஆனால் ஒரு வரலாற்றுக் கூற்று தவறாகவே இருந்தாலும் அதற்கு மறுப்புக் கட்டுரைதான் பதில், 5 ஆண்டுச் சிறை அல்ல. 'அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை, இருந்தும் விடுதலை செய்யுங்கள்' என்று எழுதும் கடிதத்துக்கு ரசிகர் கடிதத்தைவிட எடை அதிகம். தயங்காமல் அப்படியே எழுதுங்கள்.

இலங்கையில் தமிழ் எழுத்தாளர்கள் கைதானபோது இந்த அழுத்தம் எந்த அளவுக்குப் பலித்தது?
– வாசகர், பாரிஸ்

இரண்டு வழக்குகளைப் பார்ப்போம். பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகம் 2008 மார்ச் 7 அன்று பயங்கரவாத விசாரணைப் பிரிவால் பிடிக்கப்பட்டார். 2006-ல் 'நார்த் ஈஸ்டர்ன் மன்த்லி' இதழில் எழுதிய கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டி, 2009 ஆகஸ்ட் 31 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. அதற்கு முன்பே, 2009-ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கான அறிக்கையில் அமெரிக்க அதிபர் ஒபாமா அவருடைய பெயரைச் சொல்லியிருந்தார். அதே காலத்தில் இலங்கையின் ஆடை ஏற்றுமதிக்கு உயிர்நாடியான ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தது. அந்தச் சலுகைக்கு மனித உரிமை, தொழிலாளர் நலம் உள்ளிட்ட 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

2010 ஜனவரியில் பிணை கிடைத்தது. அதிபரின் மன்னிப்பு அறிவிப்பு எந்த நாளில் வந்தது தெரியுமா? மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளில். 'நிர்ப்பந்தத்துக்குப் பணிந்தார்கள்' என்பதற்குப் பதில் 'பெருந்தன்மை காட்டினார்கள்' என்று தலைப்பு வர ஏற்ற நாள். அரசுகள் இப்படியொரு நாளைத் தேடும். பிரச்சாரம் செய்பவர்கள் அந்த நாளைத் தேடிக் கொடுக்கவும் வேண்டும்: தேசிய விழா, மதப் பண்டிகை, அயல்நாட்டுத் தலைவரின் வருகை. ஆனால் ஒருவரை விட்டதோடு சலுகை தப்பிவிடவில்லை. மற்ற குறைகள் அப்படியே இருந்ததால் 2010 ஆகஸ்ட் 15 முதல் அது நிறுத்தப்பட்டது. 2017-ல்தான் திரும்பக் கிடைத்தது.

இரண்டாவது, மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம். தமிழில் வெளியான 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பு தீவிரவாதம் பேசுகிறது என்று 2020 மே 16 அன்று கைது செய்தார்கள். குற்றப்பத்திரிகை இல்லாமலே ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். தமிழ் தெரியாத அதிகாரிகள் சிங்கள மொழிபெயர்ப்பை நம்பினார்கள். தமிழறிந்தவர்கள் நூலைப் படித்துப் பார்த்தபோது, வன்முறையை மறுக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரியும், வரிச்சலுகையை மறுபடி பரிசீலிக்கச் சொல்லியும் ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021 ஜூன் 10 அன்று தீர்மானம் போட்டது. 2021 டிசம்பரில் பிணை, 2023-ல் வழக்கிலிருந்து விடுதலை.

இந்த வழக்கிலிருந்து தமிழ் வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது மொழிபெயர்ப்புப் பாடம். தமிழ்ப் படைப்புக்காக ஒருவர் கைதானால், முதல் வாரத்திலேயே அந்தப் படைப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட நான்கு வரியை மட்டும் அல்ல, முழுக் கவிதையை. முடிந்தால் முழு நூலை. ஒருவர் செய்ததை மற்றவர் பார்க்காமல் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டு பொருள் தரும் சொல்லுக்கு அடிக்குறிப்பு கட்டாயம். 'போராட்டம்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணாவிரதமும் போராட்டம்தான், தேர்வுக்குப் படிப்பதும் போராட்டம்தான். அதை 'ஆயுதச் சண்டை' என்று ஒருவர் பெயர்த்துவிட்டால், பிறகு எத்தனை தூதர்கள் பேசினாலும் கோப்பில் அந்தச் சொல்தான் இருக்கும். 'களம்', 'குருதி', 'வாள்' எல்லாம் சங்க காலத்திலிருந்து நம் கவிதையில் உவமையாக வருபவை என்பதையும் ஒரு பக்கத்தில் விளக்கி இணைக்க வேண்டும். நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வெளியாருக்குச் சொல்லித்தான் தெரியும்.

நோபல் பரிசு போன்ற பெரிய விருது கிடைத்தால் கைதிக்குப் பாதுகாப்பா, ஆபத்தா?
– மாணவி, சென்னை

சீன எழுத்தாளர் லியு சியாவ்போவுக்குப் பாதுகாப்பாக அமையவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அரசியல் சீர்திருத்தம் கேட்ட சாசனத்தை எழுதியவர்களில் ஒருவர் என்பதற்காக 2009 டிசம்பர் 25 அன்று, மேலை நாடுகள் விடுமுறையில் இருக்கும் கிறிஸ்துமஸ் நாளில், சீன நீதிமன்றம் அவருக்கு 11 ஆண்டுச் சிறை விதித்தது. 2010-ல் அமைதிக்கான நோபல். ஆஸ்லோ மேடையில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. பதக்கத்தையும் சான்றிதழையும் அதன் மேல் வைத்தார்கள். நோபல் குழு சுயேச்சையானது என்று நார்வே அரசு சொன்னதைச் சீனா ஏற்கவில்லை. உறவு 2016 டிசம்பர் வரை உறைந்து கிடந்தது, நார்வேயின் சால்மன் மீன் ஏற்றுமதியும் அடிபட்டது. மனைவி லியு சியா மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் வீட்டுக்காவல். ஈரல் புற்றுநோய் முற்றிய நிலையில், வெளிநாட்டுச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்காமலே, 2017 ஜூலை 13 அன்று அவர் இறந்தார்.

மறு ஆண்டு ஜூலை 9 அன்று பெர்லினில் ஜெர்மன் பிரதமர் மெர்க்கெலும் சீனப் பிரதமரும் சந்தித்துப் பேசினார்கள். அடுத்த நாள் லியு சியா ஜெர்மனிக்கு விமானம் ஏறினார்.

அளவில் சிறிய நாடுகளும் நிதியுதவியை நம்பியிருக்கும் நாடுகளும் விருதுக்கு அசையும். தன் சந்தையின் பலம் தெரிந்த பெரிய நாடு விருது கொடுத்தவரைத் தண்டிக்கும். அதனால் விருதுக்குப் பெயர் பரிந்துரைப்பவர்கள், குடும்பத்தை எப்படிக் காப்பது என்பதையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

அப்படியானால் சத்தமில்லாமல் பேசுவதே நல்லது என்கிறீர்களா?
– வாசகர், கும்பகோணம்

இல்லை. நைஜீரிய எழுத்தாளர் கென் சரோ-விவாவை நினைத்துப் பாருங்கள். ஒகோனி மக்களின் மண்ணை எண்ணெய் எடுப்பு நாசமாக்கியதை எதிர்த்தவர். 1995 அக்டோபர் 31 அன்று ராணுவ அரசின் சிறப்புத் தீர்ப்பாயம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்கு வழியே கிடையாது. காமன்வெல்த் மாநாடு நெருங்கியதால் பொறுமையாகப் பேசுவோம் என்றார்கள். மண்டேலாவே அந்த வழியை நம்பினார். ஆக்லாந்தில் தலைவர்கள் கூடிய அதே நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட்டில் அவரையும் மற்ற 8 பேரையும் தூக்கிலிட்டார்கள். மறுநாள் நைஜீரியாவின் உறுப்புரிமை நிறுத்திவைக்கப்பட்டது. உயிர் போன பிறகு வந்த கோபம்.

எரித்திரியாவில் சுவீடன் குடிமகனான பத்திரிகையாளர் தாவித் இசாக் 2001 செப்டம்பர் 23 அன்று கைதானார். 2005 நவம்பரில் ஒரு சில நாள் வெளியே விட்டு, மறுபடி உள்ளே போட்டார்கள். விசாரணையே நடக்கவில்லை. சுவீடன் இருபது ஆண்டுக்கும் மேலாக மௌன ராஜதந்திரத்தில் இருந்தது.

மௌனத்துக்குக் கெடு வைக்க வேண்டும். 'இந்தத் தேதிவரை பேசிப் பார்ப்போம், அதற்குள் மருத்துவரையோ வழக்கறிஞரையோ பார்க்க விடாவிட்டால் வெளியே சொல்வோம்' என்று குடும்பமும் தூதரகமும் சேர்ந்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீடு இல்லாத மரண தண்டனை என்றால் கெடு என்ற பேச்சே வேண்டாம், அன்றைக்கே ஊரைக் கூட்டுங்கள்.

சோவியத் கால வழக்குகளில் நீதிமன்றக் குறிப்புகள் வெளியே கசிந்ததுதான் திருப்பம் என்று படித்தேன். உண்மையா?
– நூலகர், திருச்சி

ரஷ்யக் கவிஞர் ஜோசஃப் பிராட்ஸ்கி வழக்கில் உண்மை. 1964-ல் லெனின்கிராடில், வேலை செய்யாமல் சமூகத்தைச் சுரண்டுபவர் என்று குற்றம் சாட்டினார்கள். பத்திரிகையாளர் ஃபிரிதா விக்தோரவா நீதிமன்றத்தில் உட்கார்ந்து கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதினார். உன்னைக் கவிஞன் என்று யார் பட்டியலில் சேர்த்தது என்று நீதிபதி கேட்க, யாரும் இல்லை, மனிதகுலத்தில் என்னை யார் சேர்த்தார்கள் என்று அந்த 23 வயது இளைஞர் திருப்பிக் கேட்டது நமக்குத் தெரிவது அந்தக் குறிப்பால்தான். குறிப்பெழுதுவதை நிறுத்தச் சொல்லி நீதிபதி விக்தோரவாவை அதட்டவும் செய்தார். பிராட்ஸ்கிக்கு விதித்தது 5 ஆண்டுக் கட்டாய உழைப்பு.

குறிப்பு மேற்கே போய் அச்சானது. ஆனால் இறுதியில் எழுதியவர் யார் என்று பாருங்கள். 1965 ஆகஸ்டில், சோவியத் யூனியனின் நண்பராக அறியப்பட்ட பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர், நாட்டின் தலைமைப் பொறுப்பிலிருந்த மிகோயானுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் எதிரிகளுக்கு இந்த வழக்கு தீனியாகிறது என்ற தொனியில் கேட்டார். செப்டம்பரில் விடுதலை. மறுபடியும் சம்பந்தி வீட்டுப் பெரியவர்.

நான் ஒரு சாதாரண வாசகன். எங்கள் ஊரிலிருந்து என்ன செய்ய முடியும்?
– வாசகர், விருத்தாசலம்

கடிதம் எழுதலாம். எழுத்தாளர்களின் உலக அமைப்பான பென் இன்டர்நேஷனல் 1960 முதல் சிறைப்பட்ட எழுத்தாளர்களுக்கெனத் தனிக் குழு வைத்திருக்கிறது. நவம்பர் 15 அவர்களுக்கான நாள். மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி 1973 முதல் அவசர வேண்டுகோள் வெளியிடுகிறது. அவர்கள் தரும் தகவலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை, கைதான தேதியில் ஒரு நாள் பிசகு இருந்தால் போதும், 'இவர்களுக்கு எதுவுமே தெரியாது' என்று மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள்.

அதிகாரிக்கு எழுதுவது ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் உங்கள் பெயர், ஊர், தொழில். ஆசிரியர், மருத்துவர், விவசாயி எதுவானாலும் சொல்லுங்கள், தொழில் தெரியும்போது கடிதத்துக்கு முகம் கிடைக்கிறது. அடுத்து கைதியின் முழுப் பெயர், தேதி, சிறை, சட்டப் பிரிவு. பிறகு ஒரே ஒரு கோரிக்கை. விடுதலை கேட்கலாம், அது உடனே நடக்காது என்று தெரிந்தால் மருத்துவ வசதியோ குடும்பச் சந்திப்போ கேளுங்கள். நான்கைந்து கோரிக்கை வைத்தால் சுலபமானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைக் கைகழுவுவார்கள். 'மாண்புமிகு' என்று தொடங்கி 'நன்றியுடன்' என்று முடியுங்கள். அந்த நாட்டின் ஆட்சிமுறை, மதம், பழைய வரலாறு எதையும் தொட வேண்டாம். வசவு ஒரு வரி இருந்தாலும் அது அவருக்கெதிரான சாட்சியமாகிவிடும். நகல் ஒன்றை டெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்புங்கள். தூதரகத்துக்கு வரும் கடிதங்கள் தலைநகருக்கு அறிக்கையாகப் போக வாய்ப்புண்டு. ஒரே வாசகத்தை நூறு பேர் அச்சடித்து அனுப்புவதைவிட, அவரவர் சொல்லில் பத்துப் பேர் எழுதுவது மேல்.

கைதிக்கு எழுதுவது வேறு வகை. அங்கே வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், அமைப்புகளின் பெயரும் வேண்டாம். படம் போட்ட அஞ்சலட்டையில் நான்கு வரி: உங்களை நினைத்துக்கொள்கிறோம், எங்கள் ஊரில் இப்போது மழை, கோயில் குளம் நிரம்பிவிட்டது. பணமோ பொருளோ வைக்காதீர்கள். தணிக்கை அதிகாரிக்குப் புரியும் மொழியில் இருந்தால் போய்ச் சேர வாய்ப்பு கூடும். சேராவிட்டாலும், வெளியூர் முத்திரை குத்திய அட்டைகள் மேசையில் குவியக் குவிய, இவரை உலகம் மறக்கவில்லை என்று சிறைக் கண்காணிப்பாளருக்குத் தெரியும். அடிக்க ஓங்கும் கை கொஞ்சம் தயங்கும்.

விடுதலைச் செய்தி வந்ததும் நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஈரோடு

மூன்றைச் சரிபாருங்கள். விடுதலையா, மன்னிப்பா? மன்னிப்பு என்றால் தண்டனைதான் போகும். குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கலாம். சான்சாலுக்குக் கிடைத்தது மன்னிப்பு. அபராதம் நீக்கப்பட்டதா? பாஸ்போர்ட் கைக்கு வந்ததா? சவூதி அரேபிய வலைப்பதிவர் ராயிஃப் பதாவிக்கு 10 ஆண்டுச் சிறையும் 1000 கசையடியும் விதித்தார்கள். 2015 ஜனவரி 9 அன்று முதல் 50 அடி விழுந்தது. உலகமெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு மீதி அடிகள் தரப்படவே இல்லை. 2022 மார்ச் 11 அன்று வெளியே வந்தார். ஆனால் தீர்ப்பில் 10 ஆண்டுப் பயணத் தடையும் இருந்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருப்பது கனடாவில். அவருக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் இப்போது அந்தத் தடையை நீக்கக் கேட்டு எழுதலாம்.